சர்வீஸ் எப்போது, செலவு எவ்வளவு, வாரண்டி எதுவரை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார் பராமரிப்பு குறித்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூன்று கவலைகளே திரும்பத் திரும்ப வந்தன. சர்வீஸ் சென்டர் சொல்லும் தவணை சரிதானா, பில்லில் உள்ள தொகை நியாயமானதுதானா, வெளியில் வேலை செய்தால் வாரண்டி போய்விடுமா என்பவை அவை. பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றுக்கும் விடை உங்கள் காரின் டேஷ்போர்டு அறையில், பெரும்பாலும் உறைகூடப் பிரிக்கப்படாமல், கையேடாகக் கிடக்கிறது. அதில் உள்ள பராமரிப்பு அட்டவணையையும் வாரண்டி நிபந்தனைகளையும் ஒருமுறை முழுமையாகப் படித்தவரிடம் தேவையற்ற வேலையைத் தலையில் கட்டுவது யாருக்கும் எளிதல்ல.

கேள்வி: கார் வாங்கி ஓராண்டு நிறையப் போகிறது. இதுவரை ஓடியது 3,800 கிலோமீட்டர்தான். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம் என்று இருக்கிறது. ஓடாத வண்டிக்கு ஆயில் மாற்றுவது வீண் செலவு இல்லையா?

பதில்: வீண் செலவு அல்ல. அந்த வரியில் ‘எது முந்துகிறதோ அது’ என்ற சொற்களும் இருக்கும். உங்கள் விஷயத்தில் மாதக்கணக்குதான் முந்துகிறது.

குறைவாக ஓடும் வண்டியில் ஆயில் புதிதாகவே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும், எரியாமல் தங்கிய எரிபொருளும் பிஸ்டன் வளையங்களைக் கடந்து சிறிது சிறிதாக ஆயிலில் சேர்ந்துகொண்டேயிருக்கும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடாகி இவை ஆவியாக வெளியேறிவிடும். மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிடும் வண்டியில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை, ஏனெனில் டேஷ்போர்டில் வெப்பமுள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டை எட்ட மேலும் சில நிமிடங்கள் பிடிக்கும். தேங்கிய ஈரம் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலத்தை முறிப்பதற்காக ஆயிலில் சேர்த்திருக்கும் வேதிப்பொருள்கள் கிலோமீட்டர் ஏறாமலேயே தீர்ந்துபோகின்றன.

இதை நீங்களே பார்க்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளில் வெண்ணெய் போன்ற பசை படிந்திருந்தால், ஈரம் வெளியேறவில்லை என்று பொருள். அதோடு கூலண்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு பழுதாக இருக்கக்கூடும், தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். மற்றபடி ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றி, வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் போதும்.

கேள்வி: கையேட்டில் 15,000 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. சர்வீஸ் முடிந்ததும் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அடுத்த சர்வீஸ் 5,000 கிலோமீட்டரில் என்று எழுதிவிட்டார்கள். எதை நம்புவது?

பதில்: கையேட்டை நம்புங்கள். ஆனால் அதில் இரண்டு அட்டவணைகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்றும் கடினப் பயன்பாட்டுக்கு ஒன்றுமாகத் தவணைகளைக் கொடுக்கின்றன. புழுதி நிறைந்த சாலை, நின்று நின்று நகரும் நெரிசல், மிகக் குறுகிய பயணங்கள், கடும் வெப்பம், டிரெய்லர் இழுத்தல், வாடகை ஓட்டம் ஆகியவை கடினப் பயன்பாட்டில் வரும். உங்கள் ஓட்டம் அந்த வகையில் இருந்தால் தவணை ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். ஸ்டிக்கர் எழுதியவர் அதை மனத்தில் வைத்து எழுதியிருக்கவும் கூடும். அட்டவணையின் எந்த வரியின்படி 5,000 என்று குறித்தார்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். வரியைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளுங்கள். காட்ட முடியாவிட்டால் அது, சீக்கிரம் கெட்டுப்போகும் பழைய மினரல் ஆயில் காலத்து வழக்கம் மட்டுமே.

தவணை நீளமாக இருப்பதைவிட, இடைப்பட்ட மாதங்களில் யாரும் ஆயில் அளவைப் பார்க்காமல் இருப்பதே எஞ்சின்களை அதிகம் கெடுக்கிறது என்பது என் அனுபவம். மாதம் ஒருமுறை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் கடைசிவரை செருகி எடுங்கள். ஆயில் தடம் இரண்டு குறிகளுக்கும் இடையில் நிற்க வேண்டும். பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு லிட்டர்; ஆகவே தடம் கீழ்க்குறியைத் தொட்டுவிட்டால், மொத்தமே நான்கு லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் கால் பங்கு ஆயில் இல்லை என்று பொருள்.

கேள்வி: காரை விடும்போது சொன்ன எஸ்டிமேட் ஒரு தொகை, எடுக்கும்போது பில் அதைப்போல ஒன்றரை மடங்கு. கேட்டால் எல்லாமே தேவையான வேலைதான் என்கிறார்கள். பில்லை எப்படிப் படிப்பது?

பதில்: எந்தப் பில்லிலும் உதிரிபாகம், ஆயில் போன்ற திரவங்கள், லேபர் என்று மூன்று பகுதிகள் இருக்கும், வரி அதற்கு மேல். ஒவ்வொரு பகுதியையும் பார்க்க வேண்டிய விதம் வேறு.

உதிரிபாகத்தைக் கையேட்டு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஆயில் ஃபில்டர், வடிகால் போல்ட்டின் வாஷர் ஆகியவை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் வரும். ஏசி ஃபில்டர் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை; எஞ்சின் ஏர் ஃபில்டர் பல கார்களில் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை, புழுதியில் ஓடினால் அதற்கு முன்பே. சாதாரண நிக்கல் ஸ்பார்க் பிளக் 30,000 அல்லது 40,000 கிலோமீட்டர் உழைக்கும். இரிடியம் பிளக் ஏறக்குறைய 1,00,000 வரை தாங்கும். உங்கள் காரில் இருப்பது எது என்று தெரிந்துகொண்டாலே ஒரு பெரிய செலவு தள்ளிப்போகலாம். கழற்றிய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், அடைத்துக் கறுத்ததற்கும் இன்னும் பாதி ஆயுள் மிச்சம் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு பழக்கமில்லாத கண்ணுக்கும் தெரியும். பிரேக் பேடு புதிதில் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சுமார் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஆகவே “பேடு தேய்ந்துவிட்டது” என்று சொன்னால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள்.

திரவப் பகுதியில் அளவைப் பாருங்கள். எஞ்சினுக்கு எத்தனை லிட்டர் ஆயில் பிடிக்கும் என்பது கையேட்டில் இருக்கும். 3.5 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 4 லிட்டர் என்று பில் போட்டிருந்தால், மீதி அரை லிட்டர் உங்களுக்குச் சொந்தம். அதே டப்பாவில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், இடையில் அளவு குறைந்தால் ஊற்ற உதவும்.

லேபர் பல இடங்களில் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை; இன்ன வேலைக்கு இத்தனை மணி என்று முன்பே வகுத்த அட்டவணைப்படி போடப்படுகிறது. அதில் தவறில்லை. ஆனால் சக்கரத்தை ஒருமுறைதான் கழற்றுகிறார்கள். பிரேக் சுத்தம் செய்யவும் டயர் இடம் மாற்றவும் தனித்தனியாகக் கழற்றிய கூலி போட்டிருந்தால் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. புதுக் காருக்குச் சொல்லப்படும் ‘இலவச சர்வீஸ்’ என்பதும் பெரும்பாலும் லேபர் மட்டுமே இலவசம் என்பதாகும். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும்.

கையேட்டில் இல்லாத வரிகள்தான் பில்லை ஊதிப்போக வைப்பவை. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், கார்பன் நீக்கம், ஏசி கிருமி நீக்கம், எஞ்சின் அறைப் பளபளப்பு ஆகியவற்றை வழக்கமான சர்வீஸின் அங்கமாகச் செய்யச் சொல்லும் அட்டவணையை நான் கண்டதில்லை. வண்டி திணறுகிறது, ஏசியில் நாற்றம் வருகிறது என்ற குறை இருந்தால் அவற்றில் ஒன்று பயன்படலாம். குறையே இல்லாத வண்டிக்கு அவை தேவையில்லை. வீல் அலைன்மென்ட்டும் அப்படித்தான். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும்போதும், டயர் ஓரம் தேயும்போதும், பெரிய பள்ளத்தில் இடித்த பிறகும் அவசியம் செய்ய வேண்டிய வேலை அது.

அடுத்த முறை, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் கையெழுத்திடுவதற்கு முன், ‘தொலைபேசியில் ஒப்புதல் பெறாமல் கூடுதல் வேலை செய்ய வேண்டாம்’ என்று உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். எழுதிய ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு, கவுண்டரில் நின்று நடத்தும் வாக்குவாதத்துக்கு இருப்பதில்லை.

கேள்வி: வாரண்டி முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் பாதிச் செலவில் சர்வீஸ் செய்து தருவதாகச் சொல்கிறார். வெளியில் செய்தால் வாரண்டி மொத்தமும் ரத்தாகிவிடும் என்று டீலர் எச்சரிக்கிறார். உண்மையா?

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, பதிலும் நீளமாகவே இருக்கும்.

வாரண்டி என்பது தயாரிப்பில் நேர்ந்த குறையைத் தயாரித்தவர் தம் செலவில் சரிசெய்து தருவதாகக் கொடுக்கும் வாக்குறுதி. பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், பல்பு, ஃபில்டர் போன்ற தேய்மானப் பொருள்கள் பொதுவாக அதில் சேர்வதில்லை. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றின் தயாரிப்பாளர் தரும் தனி வாரண்டி இருக்கும். விபத்து, வெள்ளம், தவறான எரிபொருள் ஆகியவற்றால் வந்த பழுதும் சேராது.

வெளியில் சர்வீஸ் செய்யலாமா என்பதற்கு எல்லா நாடுகளிலும் ஒரே விதி இல்லை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மாக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட பிராண்டுப் பாகத்தையோ குறிப்பிட்ட பணிமனையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி செல்லும் என்று, அவற்றை இலவசமாகத் தராமல் நிபந்தனை விதிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்திலும், வழக்கமான சர்வீஸை டீலரிடம் மட்டுமே செய்ய வேண்டும் என்று வாரண்டியைக் கட்டிப்போடுவது போட்டி விதிகளுக்கு முரணானது. வேறு பல இடங்களில் இவ்வளவு தெளிவான பாதுகாப்பு இல்லை. அங்கே வாரண்டிப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதே பேசும். ஆகவே டீலர் வாயால் சொன்னதையும் மெக்கானிக் வாயால் சொன்னதையும் ஒதுக்கிவிட்டு, வாரண்டிப் புத்தகத்தில் ‘வாரண்டி பொருந்தாத நிலைகள்’ என்ற பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் மட்டும்’ என்று இருக்கிறதா, ‘நிறுவனம் வகுத்த தவணையிலும் தரத்திலும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வாசகம் இருந்தால் வெளியில் செய்ய இடம் உண்டு. முதலாவது இருந்தால், உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று தெரியும்வரை, மீதமுள்ள ஒன்றரை ஆண்டும் டீலரிடமே சர்வீஸ் செய்துகொள்வதுதான் நல்லது. ஒன்றிரண்டு சர்வீஸில் மிச்சமாகும் தொகைக்காக, கியர்பாக்ஸ் ஒன்றின் விலையைப் பணயம் வைக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

வெளியில் செய்வதென்று முடிவெடுத்தால், வேலையைவிடக் காகிதத்தில் கவனமாக இருங்கள். நான் பணிமனையில் இருந்த நாள்களில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பழுதான நிலையில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். மூன்று சர்வீஸும் உரிய நேரத்தில், வெளியில் நல்ல மெக்கானிக்கிடம் செய்திருந்தார். வண்டியின் நிலையைப் பார்த்தே அதைச் சொல்ல முடிந்தது. ஆனால் அவர் நீட்டிய காகிதங்களில் ‘ஆயில் சர்வீஸ்’ என்ற இரண்டு சொற்களும் ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. தேதி ஒன்றில் இல்லை, ஓடிய கிலோமீட்டர் எதிலும் இல்லை. எந்தத் தர ஆயில் ஊற்றப்பட்டது என்று நிரூபிக்க வழியே இல்லாமல் அவருடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கடனுக்கு வாங்கிய கார் அது. அவர் தம் கைப்பணத்தைப் போட்டு டர்போ மாற்றினார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எனவே பில்லில் தேதி, ஓடோமீட்டர் எண், காரின் பதிவெண், ஆயிலின் பிராண்டு மட்டுமன்றித் தரக் குறியீடு, அளவு, ஃபில்டரின் பாக எண் ஆகியவை இருக்க வேண்டும். தரக் குறியீடு என்றால் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற பிசுபிசுப்பு எண்ணும், அதோடு ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 போன்ற தர நிர்ணயமும். இரண்டும் கையேடு சொல்வதோடு பொருந்த வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த ஆயிலாக இருந்தாலும் குறியீடு பொருந்தவில்லை என்றால் அது உங்கள் எஞ்சினுக்கு உரியதல்ல. ஆயில் டப்பாவின் முன்பக்கத்தையும் ஓடோமீட்டரையும் தேதியோடு படமெடுத்து வைப்பது அரை நிமிட வேலை.

இன்னும் இரண்டு செய்திகள். தவணை தவறிய ஒரு சர்வீஸ் வாரண்டி முழுவதையும் அழித்துவிடும் என்பது பொதுவாகச் சரியல்ல. ஆயில் மாற்றத் தவறியதற்கும் பவர் விண்டோ பழுதானதற்கும் தொடர்பில்லை. ஆனால் எஞ்சின் சார்ந்த கோரிக்கை வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தவணைதான். சிறிது தாமதத்துக்குச் சில நிறுவனங்கள் சலுகை தருகின்றன. எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் என்பது புத்தகத்தில் இருக்கும். அடுத்தது, வாரண்டிக் காலத்தில் வெளியில் மாட்டும் விளக்கு, மியூசிக் சிஸ்டம், கேமரா ஆகியவற்றுக்காக வயரை வெட்டி ஒட்டவே விடாதீர்கள். மின்சாரப் பகுதியில் எந்தக் கோரிக்கை வந்தாலும், டேப் சுற்றிய அந்த இணைப்பை முதலில் காட்டித்தான் மறுப்பார்கள். வயரை வெட்டாமல் செருகும் கப்ளரோடு பொருந்தும் துணைப்பொருள்களை மட்டும் மாட்டுங்கள்.

கேள்வி: பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனாலும் இரண்டு ஆண்டு ஆனதால் பிரேக் ஆயில் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இது பணம் பிடுங்கும் வேலையா?

பதில்: இல்லை, இது நான் எப்போதும் பரிந்துரைக்கும் வேலை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ரப்பர் குழாய்களின் வழியாகக்கூட மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி, அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதித்தால் அந்தச் சூடு வரக்கூடியதுதான். ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், பெடல் தரை வரை அமிழ்ந்தும் வண்டி நிற்காது. சமதளத்தில் தினமும் நன்றாகப் பிடிக்கும் பிரேக் இதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதில்லை. உறிஞ்சிய ஈரம் ஏபிஎஸ் பாகங்களை உள்ளிருந்து துருப்பிடிக்கவும் வைக்கும். பெரும்பாலான கையேடுகள் 2 ஆண்டு என்கின்றன; செலவும் சிறியதுதான்.

கேள்வி: 80,000 கிலோமீட்டரை நெருங்குகிறேன். டைமிங் பெல்ட் மாற்றப் பெரிய தொகை சொல்கிறார்கள். சத்தமோ தொந்தரவோ இல்லாதபோது இன்னும் 20,000 ஓட்டலாமா?

பதில்: கையேடு சொல்லும் எல்லையைக் கடந்து ஒரு நாளும் ஓட்ட வேண்டாம். டைமிங் பெல்ட் பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்காது, அறுந்துவிடும். இன்றைய பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் மேலெழும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். அப்போது வரும் செலவு பெல்ட் செலவைப் போலப் பல மடங்கு. எல்லை காருக்குக் கார் மாறும். 60,000 முதல் 1,50,000 கிலோமீட்டர் வரை உண்டு. ஆண்டுக்கணக்கும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கும். முதலில் உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று உறுதிசெய்யுங்கள். செயினுக்கு வழக்கமாக மாற்றும் தவணை கிடையாது. பெல்ட் என்றால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். செலவில் பெரும்பகுதி கழற்றி மாட்டும் கூலிதான் என்பதால், பம்ப் ஓராண்டில் ஒழுகினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க நேரிடும்.

கேள்வி: மின்சாரக் காருக்குச் சர்வீஸே தேவையில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் வாரண்டிக்காக டீலரிடம் போக வேண்டியதும் இல்லையா?

பதில்: எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் ஆகியவை இல்லை என்பது உண்மை; செலவு கணிசமாகக் குறையும். ஆனால் பிரேக் ஆயிலும் ஏசி ஃபில்டரும் இதிலும் உண்டு. பேட்டரியைக் குளிர்விக்கும் கூலண்ட் உண்டு. அதற்கு நிறுவனம் குறிப்பிட்ட வகையைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேடுகள் மெதுவாகத் தேய்கின்றன. அதே காரணத்தால் ஈரமான இடங்களில் பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கலாம். வண்டியின் எடை கூடுதல் என்பதால் டயர் தேய்மானத்தையும், சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர் இடம் மாற்றுவதையும் மறக்க வேண்டாம்.

பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுச் சோதனை அதற்கு நிபந்தனையா என்பதை உங்கள் புத்தகத்தில் பாருங்கள். நிபந்தனையாக இருந்தால் ஒன்றையும் தவறவிடாமல் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பேட்டரி நல நிலை அறிக்கையை அச்சிட்டு வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். ஏழாவது ஆண்டில் கொள்ளளவு இறங்கிவிட்டது என்று கோரிக்கை வைக்கும்போதும், அதற்கு முன் காரை விற்கும்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்தக் கோப்புதான்.